உயரம் கேட்கும் காற்று

மத்திய ஸ்பெயினில், மாட்ரிட் நகரத்துக்குத் தெற்கே சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி மான்சனாரெஸ் என்றொரு ஊர் இருக்கிறது. மழை குறைவு, கோடையில் வெயில் கொளுத்தும் சமவெளி. 1982-ல் இந்த ஊருக்கு வெளியே 195 மீட்டர் உயரத்துக்கு ஒரு தகரக் குழாய் எழுந்து நின்றது. அதன் காலடியில் பதினொரு ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலான நிலத்தை ஆள் உயரத்தில் ஒரு கூரை வட்டமாக மூடியிருந்தது. பெரும்பகுதி பிளாஸ்டிக் தாள், கொஞ்சம் கண்ணாடி. குழாயின் அடியில் நான்கு இறக்கைகள் கொண்ட ஒரு டர்பைன். வெயில் ஏறியதும் கூரைக்குக் கீழே இருக்கும் காற்று சூடாகும், நடுவில் இருக்கும் குழாயைத் தேடி ஓடும், மேலே பாய்கிற வழியில் டர்பைனைச் சுழற்றும். அவ்வளவுதான் மொத்த மின் நிலையமும். எரிபொருளும் கொதிகலனும் கிடையாது, குளிரவைக்கத் தண்ணீரும் தேவைப்படவில்லை.

சூரியப் புகைபோக்கி என்று இதைச் சொல்கிறார்கள். ஆயிரக்கணக்கான கண்ணாடிகள் வெயிலை ஒரு கோபுர உச்சியில் குவித்து உப்பை உருக்கும் நிலையங்களின் படங்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். அவை வேறு வகை. இங்கே எதையும் குவிப்பதில்லை. மேகம் மூடிய நாளில் பரவலாக வரும் மங்கலான வெளிச்சம்கூட இந்தக் கூரைக்குப் பயன்படும். குவிக்கும் கண்ணாடிகளுக்கு அது பயன்படாது.

மான்சனாரெஸ் கோபுரம் சொன்னபடி வேலை செய்தது. அப்படியிருந்தும் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு உலகத்தில் எங்கேயும் இந்த முறையில் ஒரு பெரிய மின் நிலையம் இல்லை. இரகசியக் கூட்டங்கள் அமுக்கிவிட்டன என்று சிலர் நம்புகிறார்கள். விடை அதைவிட எளிமையானது, அதைவிடச் சுவையானதும்கூட. அது இயற்பியலில் ஒளிந்திருக்கிறது.

செங்கல் சூளையின் புகைபோக்கியை எதற்காக அவ்வளவு உயரமாகக் கட்டுகிறார்கள்? புகையை ஊருக்கு மேலே தள்ளுவது ஒரு காரணம். உள்ளே நெருப்புக்குக் காற்றை இழுப்பது இன்னொரு காரணம். உள்ளே நிற்கும் சூடான காற்றுத் தூண், வெளியே அதே உயரத்தில் நிற்கும் குளிர்ந்த காற்றுத் தூணைவிட இலேசு. இந்த எடை வித்தியாசம்தான் இழுவை. மான்சனாரெஸ் குழாயின் விட்டம் சுமார் 10 மீட்டர். அதற்குள் அடங்கும் காற்றின் எடை ஏறத்தாழ 17 டன். வெளிக்காற்றைவிட 20 டிகிரி சூடேறியதும் அது ஒரு டன்னுக்கு மேல் இலேசாகிவிடும். டர்பைன் சும்மா இருக்கும்போது குழாய்க்குள் காற்று நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 54 கிலோமீட்டரில் மேலே பாய்ந்தது.

டர்பைனும் வயல்வெளியில் நிற்கும் காற்றாலையும் ஒன்றல்ல. திறந்தவெளியில் காற்று, இறக்கைகளைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போய்விடலாம். அதனால் அதன் ஆற்றலில் 59 சதவீதத்துக்கு மேல் எந்தக் காற்றாலையாலும் எடுக்க முடியாது. குழாய்க்குள் அடைபட்ட காற்றுக்கு ஒதுங்க இடமில்லை. அணையின் அடியில் தண்ணீர் அழுத்தத்தில் சுழலும் டர்பைனைப் போல, இது கீழும் மேலும் உள்ள அழுத்த வித்தியாசத்தில் சுழல்கிறது.

இனிமேல்தான் முக்கியமான கணக்கு. கூரைக்குக் கீழே காற்றுக்குக் கிடைத்த வெப்பத்தில் எத்தனை பங்கு இயக்கமாக மாறும்? காற்றை இன்னும் அதிகமாகச் சூடாக்கினால் அந்தப் பங்கு கூடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். கூடாது. சூடு கூடினால் இழுவை கூடும், ஆனால் உச்சி வழியே வீணாகும் வெப்பமும் அதே விகிதத்தில் கூடிவிடும். பங்கைத் தீர்மானிப்பது உயரம் மட்டும். மேலே ஏறும் காற்று ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சுமார் 1 டிகிரி குளிர்கிறது. வெளிக்காற்றின் வெப்பநிலை, முழுப்பூச்சியத்திலிருந்து எண்ணினால், சுமார் 300 டிகிரி. முந்நூறில் ஒன்று: ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் கிடைப்பது சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கு. 195 மீட்டர் குழாய்க்கு 0.65 சதவீதம். ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குக் கட்டினாலும் 3.3 சதவீதம்தான். மீதி எல்லாம் வெதுவெதுப்பான காற்றாக வானத்துக்குப் போகிறது.

இது யாருடைய திறமைக்குறைவும் கிடையாது. எத்தனை நல்ல டர்பைன் பொருத்தினாலும், எவ்வளவு உயர்ந்த கண்ணாடி போட்டாலும் இந்த வரம்பைத் தாண்ட வழியில்லை. உச்சி வெயிலில் பதினொரு ஏக்கரில் விழும் சூரிய ஆற்றல் சுமார் 46,000 கிலோவாட். மான்சனாரெஸ் டர்பைனின் உச்ச அளவு 50 கிலோவாட். ஆயிரத்தில் ஒரு பங்கு.

இப்படி ஒரு கணக்கைப் பார்த்த பிறகும் ஒரு பொறியாளர் ஏன் இதில் வாழ்நாளைச் செலவழித்தார்?

யோர்க் ஷ்லாய்க் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரைச் சேர்ந்த கட்டுமானப் பொறியாளர். 1972 மியூனிக் ஒலிம்பிக் அரங்கின் வலைக் கூரையில் அவர் கை இருக்கிறது. ஷ்மேஹவுசன் அணுமின் நிலையத்துக்குக் கம்பிவலையால் ஆன ஒரு பிரம்மாண்டமான குளிர்விப்புக் கோபுரத்தை வடிவமைத்த குழுவிலும் இருந்தார். கழிவு வெப்பமே கோபுரத்துக்குள் காற்றை இப்படி இழுக்கும் என்றால், வெயிலைக் கொண்டு இழுக்க வைத்து வேலை வாங்க முடியாதா என்பது அந்தத் துறையில் இருப்பவருக்கு இயல்பாக எழும் கேள்வி. யோசனை அவருக்கு முன்பே இருந்தது. ஸ்பெயின் இராணுவ அதிகாரி இசிதோரோ கபான்யெஸ் 1903-லேயே வீட்டோடு சேர்ந்த ஒரு சூரியப் புகைபோக்கியை வரைந்து வெளியிட்டிருந்தார்.

ஷ்லாய்க்கை நாமும் அறிவோம், பெயர் தெரியாவிட்டாலும். கொல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றைக் கடக்கும் வித்யாசாகர் சேது அவருடைய வடிவமைப்பு. 1992-ல் திறந்த அந்தப் பாலத்தின் எஃகுச் சட்டங்களைப் பற்றவைக்காமல் ரிவெட் அடித்தே இணைத்தார்கள். இங்கே கிடைக்கும் எஃகும் இங்கே இருக்கும் தொழிலாளர் கைப்பழக்கமும் அதற்குத்தான் பொருந்தின. இந்தியாவில் பார்த்த வறுமை அவரை வெகுவாகப் பாதித்தது. வெயில் மிகுந்த ஏழை நாடுகள், வெளியிலிருந்து எதையும் இறக்குமதி செய்யாமல், தங்கள் மணலையும் சிமெண்டையும் உழைப்பையும் கொண்டு கட்டிக்கொள்ளக்கூடிய மின் நிலையம் வேண்டும் என்று அவர் தேடினார். நூற்றுக்கு ஒரு பங்குதான் மின்சாரமாகும் என்றால் இருக்கட்டும், பாலைவனத்தில் வெயிலுக்கும் இடத்துக்கும் பஞ்சமா என்பது அவர் வாதம். இந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது என்றே நினைக்கிறேன்.

ஜெர்மன் அரசின் ஆராய்ச்சி அமைச்சகம் பணம் கொடுத்தது. ஸ்பெயினின் மின் நிறுவனம் ஒன்று நிலம் கொடுத்தது. மூன்று ஆண்டுப் பரிசோதனை, முடிந்ததும் பிரித்து எடுத்துவிடலாம் என்பது ஏற்பாடு. அதனால் எல்லாவற்றையும் சிக்கனமாகச் செய்தார்கள். குழாயின் தகடு 1.25 மில்லிமீட்டர் தடிமன்தான். அதைக் கட்டிய விதம் அழகானது. முதலில் தரையில் செய்தது கோபுரத்தின் உச்சித் துண்டு. ஹைட்ராலிக் ஜாக்கி வைத்து அதை மேலே தூக்கி, அடியில் அடுத்த துண்டைப் பொருத்தி, மறுபடி தூக்கினார்கள். பத்துப் பத்து மீட்டராக, இருபது தூக்கலில் கோபுரம் முளைத்து மேலே வந்தது. 195 மீட்டர் கோபுரத்துக்கு யாரும் உயரத்தில் தொங்கிக்கொண்டு தகடு பொருத்த வேண்டியிருக்கவில்லை. எழுந்த குழாயை நான்கு உயரங்களில், மூன்று திசைகளில் இழுவைக் கம்பிகள் பிடித்துக்கொண்டன.

கூரையில்தான் அதிகம் கற்றுக்கொண்டார்கள். பல வகைப் பிளாஸ்டிக் தாள்களைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஓட்டையுள்ள ஒரு தட்டை வைத்து அழுத்தினார்கள். மழை பெய்தால் நீர் அந்தப் பள்ளத்தில் கூடி உள்ளே வடியும். நல்ல யோசனைதான், ஆனால் வெயிலில் தாள்கள் மொரமொரப்பாகிக் கிழிந்தன. கண்ணாடி போட்ட பகுதி புயலையும் தாங்கியது. அவ்வப்போது பெய்த மழையே தூசியைக் கழுவிவிட்டது. விலை குறைவு என்று போட்ட பிளாஸ்டிக்கைவிடக் கண்ணாடியே மலிவு என்பது சில ஆண்டுகளில் தெரிந்தது.

1986 நடுவிலிருந்து 1989 தொடக்கம் வரை, 32 மாதங்கள், நிலையம் முழுத் தானியங்கியாக ஓடியது. குழாய்க்குள் காற்று நொடிக்கு இரண்டரை மீட்டரைத் தொட்டதும் டர்பைன் தானே கிளம்பும், தானே மின்கட்டமைப்போடு இணையும். சராசரியாக நாளுக்கு 8.9 மணி நேரம் ஓட்டம். மேற்பார்வைக்கு ஒருவர் போதும். பகலெல்லாம் சூடேறிய தரை, பொழுது சாய்ந்த பிறகும் காற்றைச் சூடாக்கிக்கொண்டே இருந்தது. வெளியே குளிர்ந்துவிடுவதால் இரவிலும் கொஞ்சம் இழுவை இருந்தது. கூரைக்கடியில் தண்ணீர் நிரப்பிய கறுப்புக் குழாய்களைப் பரப்பிவைத்தால் இரவு முழுக்க ஓட்டலாம் என்று ஷ்லாய்க் கணக்குப் போட்டார். சூரியத் தகடுகளுக்கு இல்லாத வசதி இது.

1987-ல் அது கொடுத்தது 44,190 யூனிட். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் செலவழிக்கும் வீடுகள் என்று வைத்தால் பதினெட்டு வீடுகளுக்குப் போதும்.

மூன்று ஆண்டுக்கென்று நட்ட கோபுரம் ஏழாவது ஆண்டிலும் நின்றது. தற்காலிகம்தானே என்று இழுவைக் கம்பிகளுக்குத் துருத்தடுப்புப் பூசவில்லை. 1989 தொடக்கத்தில் அடித்த ஒரு புயலில் துருப்பிடித்த கம்பிகள் அறுந்தன, கோபுரம் சாய்ந்தது.

அடுத்தது பெரியது வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் உயரத்தைத் தவிர வேறு எதுவும் இந்த யோசனையைக் காப்பாற்றாது. ஷ்லாய்க்கின் கணக்குப்படி 200 மெகாவாட் நிலையத்துக்கு 1,000 மீட்டர் கோபுரம் வேண்டும். கூரையின் குறுக்களவு 7 கிலோமீட்டர், அதாவது ஒன்பதாயிரத்து ஐந்நூறு ஏக்கர். இன்றைக்கு உலகின் மிக உயரமான கட்டடமான புர்ஜ் கலீஃபாவே 828 மீட்டர்தான். ஆஸ்திரேலியாவில் என்விரோமிஷன் என்ற நிறுவனம் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் புரோங்காவில் இப்படி ஒன்றைக் கட்டப்போவதாக அறிவித்தது, பிறகு அமெரிக்காவின் அரிசோனாவுக்கு மாறியது. நமீபியாவில் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்துக்கு ஒரு திட்டம் பேசப்பட்டது. ராஜஸ்தானின் தார் பாலைவனத்துக்கும் 1990-களில் ஒன்று வரைந்தார்கள். எதுவும் எழும்பவில்லை. சீனாவின் உள் மங்கோலியாவில் 2010-ல் 200 கிலோவாட்டுக்கு ஒன்று இயங்கத் தொடங்கியது. கோபுரம் சுமார் 50 மீட்டர். மேலே போட்ட கணக்கை வைத்துப் பார்த்தால் அவ்வளவு குட்டையான கோபுரத்திடம் என்ன எதிர்பார்க்க முடியும் என்பது புரியும்.

நிலம் அதிகம் தேவை என்பதுதான் தோல்விக்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. அந்த 200 மெகாவாட் நிலையம் ஆண்டுக்கு சுமார் 68 கோடி யூனிட் தரும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். ஏக்கருக்கு எழுபதாயிரம் யூனிட்டுக்குச் சற்று மேல். இன்றைய சூரியத் தகடுகள் நம் நாட்டில் ஏக்கருக்குச் சுமார் மூன்று லட்சம் யூனிட் தருகின்றன. நான்கு மடங்கு வித்தியாசம் பெரியதுதான், ஆனால் மணல்வெளியில் அதுவே மரண அடி ஆகாது. முழுப் பணத்தையும் முதல் நாளே கொட்ட வேண்டும் என்பதும், அதற்கு வட்டி கட்ட வேண்டும் என்பதும் கூடுதல் சுமை. வட்டி விகிதம் ஏறினால் இந்த மின்சாரத்தின் விலை கிடுகிடுவென ஏறிவிடும்.

எனக்குப் படுகிற முக்கியக் காரணம் வேறு. இந்தக் கோபுரத்தைச் சிறியதாகத் தொடங்க முடியாது. சூரியத் தகடு முதலில் விலையைப் பற்றிக் கவலைப்படாத இடத்துக்குப் போனது. 1958-ல் அமெரிக்காவின் வான்கார்டு செயற்கைக்கோளில் அது ஏறியபோது சில சதுர அங்குலங்களே போதுமானதாக இருந்தன. பிறகு கலங்கரை விளக்கத்துக்கு வந்தது, கால்குலேட்டருக்கு வந்தது, வீட்டுக் கூரைக்கு வந்தது. ஒவ்வொரு படியிலும் ஒருவர் காசு கொடுத்து வாங்கினார், செய்பவர்கள் இன்னும் கொஞ்சம் மலிவாகச் செய்யக் கற்றுக்கொண்டார்கள். உள்ளங்கை அளவுத் தகடும் மைதான அளவுத் தகடும் வெயிலை ஒரே விகிதத்தில்தான் மாற்றுகின்றன. புகைபோக்கியில் அப்படி இல்லை. 20 மீட்டர் குழாய் கட்டினால் பங்கு 0.07 சதவீதம், அதை யாரும் வாங்கமாட்டார்கள். விற்கும் நிலைக்கு வர ஒரே தாவலில் ஒரு கிலோமீட்டர் ஏற வேண்டும். அந்தத் தாவலுக்குப் பணம் போடுபவர், இதுவரை யாரும் கட்டாத ஒன்றில் எல்லாவற்றையும் வைக்கிறார். தகடுகளின் விலை சரிந்துகொண்டே வந்த ஆண்டுகளில் அப்படி ஒருவர் கிடைப்பது மேலும் அரிதாகிவிட்டது. இரவு மின்சாரம் என்ற சாதகத்தையும் இப்போது பேட்டரிகள் பங்கு கேட்கின்றன.

ஷ்லாய்க் 2021-ல் காலமானார். கணினியில் சூரியப் புகைபோக்கிகளை ஆராயும் கட்டுரைகள் பல நாடுகளிலிருந்தும் இன்னும் வருகின்றன. அவற்றை எழுதுபவர்கள் தங்கள் கணக்கு சரியா என்று பார்க்க எடுப்பது பெரும்பாலும் மான்சனாரெஸ் எண்களைத்தான். வேறு எங்கேயும் இவ்வளவு பெரிய கோபுரம் இவ்வளவு காலம் ஓடி அளவு தந்ததில்லை. ஒரு கிலோமீட்டர் கோபுரத்துக்கு இப்போது நான் வாதாடமாட்டேன். 300, 400 மீட்டரில், கான்கிரீட்டில், கண்ணாடிக் கூரையும் தண்ணீர்க் குழாய்களுமாக ஒன்றை ஏதாவது ஒரு அரசு கட்டி, பத்தாண்டு ஓட்டி அளந்து வெளியிட வேண்டும் என்று விரும்புகிறேன். இரவுக் கணக்கு இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது; கையில் இருப்பதோ துருப்பிடித்து விழுந்த ஒரே ஒரு கோபுரத்தின் அளவுகள்.