எஞ்சின் ஆயில்: கெடு எப்போது?

மீட்டரைப் பார்த்து மட்டும் வண்டிக்கு ஆயில் மாற்றும் வணிகர்கள் பலர். இது போதாது. மார்க்கெட்டிலிருந்து கடைக்கு இரண்டு கிலோமீட்டர் ஓடி நிற்கும் வண்டியில் எஞ்சின் முழுச்சூடு அடைவதில்லை. உள்ளே சேரும் நீரும் எரியாத எரிபொருளும் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கி அதைக் கெடுக்கின்றன.

கையேட்டில் கிலோமீட்டர், மாதம் என இரு கணக்கு இருக்கும். எது முந்துகிறதோ அதுவே கெடு. பல கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது 1 வருடம். அதிகப் பாரம், புழுதி, குறுகிய ஓட்டம் என்றால் இன்னும் முன்னதாகவே மாற்ற வேண்டும். ஃபில்டரையும் சேர்த்து மாற்றுங்கள். டீசல் வண்டியில் ஆயில் சீக்கிரம் கறுப்பது இயல்பு. நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

மாற்றிய தேதியும் மீட்டர் எண்ணும் கடைக் கணக்கு நோட்டில் ஏறட்டும். ஆயில் செலவு சிறிது. எஞ்சின் பழுதாகி வண்டி நின்றால் ரிப்பேர் செலவோடு வியாபாரமும் நிற்கும்.