விமானக் கார்டும் நம் பேரேடும்

விமானப் பயணச் சலுகையுள்ள உயர்வகை கிரெடிட் கார்டு வாங்கச் சொல்லி நம் வியாபாரிகளுக்கு அடிக்கடி போன் வருகிறது. ஆண்டுக் கட்டணம் 10,000 ரூபாய் என்றால், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து 11,800 ஆகிவிடும். விமான நிலைய ஓய்வறையில் இலவசச் சாப்பாடு உண்டு என்கிறார்கள். கள்ளக்குறிச்சியில் விமான நிலையமே இல்லை. சேலம் கொள்முதலுக்கு நாம் போவது பஸ்ஸில். கல்வராயன் மலைப் புளிக்கும் கடுக்காய்க்கும் ரொக்கம்தான் கொடுக்கிறோம்.

புள்ளி சேர்க்க மொத்தக் கடையில் கார்டைத் தேய்த்தால் 2 சதவீதம் அளவில் கமிஷன் கேட்பார்கள். சர்க்கரை மூட்டையில் நமக்கு நிற்பதே அவ்வளவுதான்! பாக்கி வைத்தாலோ, பல கார்டுகளில் வட்டி மாதம் மூன்றரை சதவீதத்தை ஒட்டி வரும்.

ஆண்டுக்கு நாலைந்து முறை விமானம் ஏறுகிறவர்கள் மட்டும் சலுகையையும் கட்டணத்தையும் பேரேட்டில் எதிரெதிரே எழுதிப் பார்க்கலாம். ஏற்கெனவே வாங்கி வேண்டாமென்று நினைப்பவர்கள், அடுத்த கட்டணம் ஏறுமுன் பாக்கியை அடைத்து எழுத்து மூலம் ரத்து கேளுங்கள். 2022 ரிசர்வ் வங்கி விதிப்படி 7 வேலை நாளில் முடிக்காவிட்டால், தாமதத்துக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் நமக்குத் தரவேண்டும்.