கல்லு எடுத்தாச்சு, களி தின்னலாமா?

மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூரைத் தாண்டி, தார்ச்சாலை முடிந்து மண் பாதை தொடங்கும் இடத்தில் இருக்கிறது அந்த அம்மாவின் வீடு. தகரப் பெட்டியைத் திறந்து டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக் கொடுத்தார். நாலாக மடித்து, மாத்திரைக் கடை பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருந்த தாள். பித்தப்பையில் கல் இருந்தது, லேப்ராஸ்கோப்பி செய்து பையையே எடுத்துவிட்டார்கள் என்பதெல்லாம் ஆங்கிலத்தில். அடியில் பேனாவால் தமிழில் ஒரே ஒரு வரி: எண்ணெய், கொழுப்பு கூடாது. எத்தனை நாளைக்கு என்று எழுதவில்லை.

"தாளிக்கத்தான் எண்ணெய் வாங்குறோம் தம்பி. இதுல எதைக் கொறைக்கிறது?" என்றார்.

அடுப்பில் களி வெந்துகொண்டிருந்தது. கொதிக்கிற உலையில் சாமை நொய்யைப் போட்டு, அது குழைந்ததும் மேலே கேழ்வரகு மாவைக் கொட்டி, நடுவில் குழி பறித்து மூடிவைத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பானையைக் காலால் அணைத்துக்கொண்டு துடுப்பால் கிண்டினார். ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. தொட்டுக்கொள்ள மொச்சைக் குழம்பு. அதில் நாலைந்து கடுகு வெடிக்கிற அளவுக்கு எண்ணெய் இருந்திருக்கலாம். அந்த ஒரு வரிக்குப் பயந்து அதையும் நிறுத்திவிட்டார். முட்டை, கறி, மோர் எல்லாவற்றையும் விட்டாயிற்று. அறுவை முடிந்து எட்டு மாதம். ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவுகிறது.

நகரத்தில் பரோட்டாவும் சிக்கன் ஃபிரையுமாகச் சாப்பிடுகிறவருக்கு அந்த வரி சரி. மலையில் இருக்கிறவருக்கு அதே வரி பட்டினிக்கு எழுதிக்கொடுத்த சீட்டாகிவிடுகிறது. நம் ஊரில் பத்தியம் என்றால் அதற்கு ஒரு முடிவு நாள் உண்டு. மருந்து முடிந்ததும் பத்தியம் முறிக்கிற சடங்கே இருந்தது. ஆஸ்பத்திரிப் பத்தியத்தை முறித்து வைக்கத்தான் ஆள் இல்லை.

கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. பித்தப்பை அதைச் சுரப்பதில்லை. 30 முதல் 50 மில்லி பிடிக்கிற ஒரு சின்னத் தொட்டி, அவ்வளவுதான். சாப்பாட்டுக் கொழுப்பு குடலுக்குள் வந்ததும் சேர்த்துவைத்ததைப் பிழிந்து விடும். தொட்டியை இடித்துவிட்டால் ஊற்று வற்றிவிடாது. நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரே வேளையில் நிறைய எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்டால் திணறும். கொஞ்சம் கொஞ்சமாக, நாலைந்து வேளையாகச் சாப்பிட்டால் சமாளித்துக்கொள்ளும். ஓரிரு மாதத்தில் பெரும்பாலானவர்கள் பழைய சாப்பாட்டுக்கே திரும்பிவிடலாம். 1882இல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றினார். இந்தியாவில் 1990இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் தெஹம்டன் உத்வாடியா அதை லேப்ராஸ்கோப்பி முறைக்குக் கொண்டுவந்தார். அந்தப் பை இல்லாமல் நன்றாகச் சாப்பிட்டு வாழ்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

சிலருக்கு மட்டும் சாப்பிட்ட கையோடு வயிற்றால் போகும். பித்தநீர் பெருங்குடல் வரை வழிந்து எரிச்சலூட்டுவதுதான் காரணம். வெந்தயம், ஓட்ஸ் போல வழவழப்பான நார் உள்ள உணவு அதைக் கொஞ்சம் பிடித்துவைக்கும். நிற்கவில்லை என்றால் மருந்து இருக்கிறது, டாக்டரிடம் கேட்க வேண்டும்.

எண்ணெயே அதிகம் சேராத வீட்டில் கல் எப்படி வந்தது? கல் என்றாலே கொழுப்புக் கல் என்று நினைத்துக்கொள்கிறோம். 1968இல் எஸ்.எல்.மல்ஹோத்ரா ரயில்வே ஊழியர்களிடையே நடத்திய ஆய்வில் வட இந்தியர்களுக்குத் தென்னிந்தியர்களைவிட ஏழு மடங்கு அதிகமாகப் பித்தப்பைக் கல் இருந்தது. நம் பக்கம் காண்பதில், பித்தநீரின் நிறப்பொருள் இறுகி உண்டாகும் நிறமிக் கற்கள் கணிசம். அவற்றுக்கும் நெய் ஜாடிக்கும் பெரிய சம்பந்தமில்லை. அடுத்தடுத்த பிரசவம், நெடுநேரம் வயிற்றைக் காயப்போடுவது, மளமளவென்று உடம்பு இளைப்பது ஆகியவையும் கல்லுக்கு வழிவிடும். காலையில் ஒரு சொம்பு கூழோடு காட்டுக்குப் போய் இருட்டியபின் உண்கிற பெண்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

(வாட்ஸ்அப்பில் சுற்றுகிற ஒரு வைத்தியம்: ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் பச்சை நிறத்தில் கற்கள் வெளியேறுமாம். 2005இல் லான்செட் இதழில் வந்த ஒரு குறிப்பில் அந்தக் 'கற்களை'ச் சோதித்தவர்கள், அவை வயிற்றுக்குள் உருவான சோப்புக் கட்டிகள் என்றார்கள்.)

கணையம் வேறு கதை. பித்தப்பையும் கணையமும் பக்கத்துப் பக்கத்து உறுப்புகள் என்பதால் ஒரே பத்தியத்தை ஒட்டிவிடுகிறார்கள். பித்தநீர்க் குழாயும் கணையக் குழாயும் குடலில் சேரும் வாயில் ஒரு கல் சிக்கினால் கணையம் வெந்துபோகும் என்பதை 1901இலேயே யூஜின் ஓப்பி காட்டிவிட்டார். அப்படி வந்த திடீர் அழற்சி, கல்லை எடுத்தபின் பெரும்பாலும் அடங்கிவிடும். முன்பெல்லாம் அதற்கு நாள்கணக்கில் வாயைக் கட்டிப்போடுவார்கள். இன்று, லேசான பாதிப்பாக இருந்து வாந்தியும் இல்லையென்றால், 24 மணி நேரத்துக்குள்ளேயே உணவைத் தொடங்கச் சொல்கிறார்கள்.

நாள்பட்ட அழற்சிதான் கொடியது. சாராயமும் பீடியும் ஒரு காரணம். இரண்டையும் தொடாதவர்களுக்கும், இளம் வயதிலேயே, வருகிற வகை ஒன்று நம்முடையதைப் போன்ற வெப்பமண்டல நாடுகளில் உண்டு. 1960களில் கேரளத்தில் டாக்டர் பி.ஜே.கீவர்கீஸ் நூற்றுக்கணக்கில் இத்தகைய நோயாளிகளைப் பார்த்து எழுதினார்: சிறுவயதில் வயிற்றுவலி, கணையக் குழாயில் சுண்ணாம்புக் கற்கள், வாலிபத்தில் சர்க்கரை நோய். வெகுநாள் பழி மரவள்ளிக் கிழங்கின் மேல் விழுந்தது. மரவள்ளி தின்னாத ஊர்களிலும் நோய் இருந்ததால் அந்த வாதம் நிற்கவில்லை. பிறகு ஸ்பிங்க்-1 மரபணுவின் மாற்றம் பலரிடம் கண்டறியப்பட்டது. சென்னையிலும் மலைக்குக் கீழே வேலூர் சி.எம்.சி.யிலும் இந்த நோயை நீண்டகாலமாகக் கவனித்து வருகிறார்கள்.

கெட்டுப்போன கணையம் கொழுப்பைச் செரிக்கும் நொதியைத் தராது. தின்றது எண்ணெய் மிதக்கும் மலமாக வெளியேறும்; ஆள் இளைத்துக்கொண்டே போவார். இவரிடம் போய் எண்ணெயை நிறுத்து என்பதுதான் பெரிய தவறு. 2020இல் வந்த ஐரோப்பிய ஊட்டச்சத்து வழிகாட்டுதல், கொழுப்பைத் தேவையின்றிக் குறைக்க வேண்டாம், நொதி மாத்திரையைச் சரியாகக் கொடுங்கள் என்கிறது. பன்றிக் கணையத்திலிருந்து எடுக்கும் நொதி அது. வெறும் வயிற்றில் விழுங்கினால் வீண். சோற்றோடு சேர்ந்து போக வேண்டும். விலைதான் இடிக்கிறது. தேங்காய் எண்ணெய் நொதி இல்லாமலே செரித்துவிடும் என்பதும் பாதி உண்மைதான். அப்படி எளிதில் சேரும் கொழுப்பு அதில் சிறு பங்கே.

அடுத்த சங்கடம் சாமை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் சாமையில் நார்ச்சத்து 7.7 கிராம், தீட்டிய அரிசியில் 2.8. சர்க்கரைக்காரருக்கும் பித்தப்பை எடுத்தவருக்கும் அது வரம். நொதி குறைந்தவருக்கு அதே நார் வயிற்றை ஊதவைத்து, விழுங்கிய நொதியின் வேலையையும் கெடுக்கும். சிறுதானியம் எல்லா நோய்க்கும் மருந்து என்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. விட்டுவிடச் சொல்லவில்லை. நன்றாகத் தீட்டி, குழைய வேகவைத்து, ஒரு வேளைக்கு மட்டும், கூடவே முட்டையோ மீனோ. இன்சுலின் போடுகிறவர் என்றால் வேளை தவறக் கூடாது. கணையம் கெட்டதால் வந்த சர்க்கரை நோயில் சர்க்கரை அளவு சட்டென்று இறங்கிவிடும். பலாப்பழக் காலத்தில் அளவு பார்த்துத்தான் சுளை.

கண் மஞ்சளாவது, குளிர்காய்ச்சல், முதுகுக்குப் பாயும் வலி: இந்த மூன்றில் எது வந்தாலும் கஷாயம் வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. மலையிலிருந்து போளூருக்கு இறங்கவே நேரமாகும்.

அந்த அம்மாவிடம் முட்டையும் மோரும் சாப்பிடலாம், குழம்புக்குத் தாளிக்கலாம், சந்தேகமிருந்தால் அடுத்த முறை டாக்டரிடமே கேளுங்கள் என்றேன். நம்பின முகமாக இல்லை. சீட்டை மறுபடி மடித்துக் கவரில் போட்டார். அக்கா மகன் ஒருவன் கணையக் கோளாறோடு கீழே வேலைக்குப் போய்வருகிறானாம். அவன் சட்டைப் பையில் எப்போதும் மாத்திரை அட்டை இருக்குமாம்.

"முதல் வாய்க்கு ஒண்ணு போடுவான், பாதிச் சோத்துல இன்னொண்ணு. ஏன்டா சோத்துக்கு நடுவுல மருந்துன்னு கேட்டா, சோத்துக்குத்தான் சித்தி மருந்துங்கிறான்."