கட்டில் முதல்ல வந்தா பீரோ நுழையாது: பிம் எப்படிப் படிக்கறது?

“பிம் படிக்கணும், எந்த சாஃப்ட்வேர்ல ஆரம்பிக்கட்டும்?” சிவில் பசங்க கேக்கற கேள்வி இது. பதிலுக்கு நான் ஒரு சீலிங் கதை சொல்லுவேன்.

அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஆய்வுக் கட்டடம் கட்டினார்கள். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல ஏசி டக்ட், வயரிங், பைப் எல்லாத்தையும் டிசைன் டீம் பிம் மாடல்ல பொருத்திப் பார்த்தாங்க. பக்காவா பொருந்திடுச்சு. சைட்ல சுமார் 70 சதவீதம் மாட்டி முடிச்சப்போ, மேல இடமே இல்ல! காண்ட்ராக்டர் வழக்குப் போட்டார். பிறகு சமரசம். 2011-ல் இது செய்தியாக வந்தது.

மாடல்ல தப்பே இல்லைங்கறதுதான் இதுல சுவாரசியம். அவ்வளவு இறுக்கமான அமைப்பு ஒரு குறிப்பிட்ட வரிசையில மாட்டினால்தான் உள்ளே போகும். அந்த வரிசையைக் காண்ட்ராக்டருக்கு யாரும் சொல்லவில்லை. சின்ன ரூம்ல கட்டிலும் பீரோவும் அடங்கும். ஆனா கட்டிலை முதல்ல போட்டுட்டா பீரோ வாசலைத் தாண்டாது, இல்லையா?

பிம்னா 3டி படம்னு நிறைய பேர் நினைக்கறாங்க. அடிப்படையில் அது ஒரு டேட்டாபேஸ். ஒரு இடத்தில் மாற்றினால் எல்லா வரைபடமும் மாறணும்கற யோசனையை சக் ஈஸ்ட்மன் 1975-லேயே எழுதிட்டார். ரெவிட்ல சுவரை நகர்த்தினா கதவும் கூடவே நகரும், அறையின் பரப்பளவும் மாறும். ஐஎஃப்சி என்ற பொது ஃபார்மட்டில் இது இன்னும் அழகு: சுவருக்கும் திறப்புக்கும் ஒரு உறவு, திறப்புக்கும் கதவுக்கும் இன்னொரு உறவு. ஒவ்வொரு உறவும் தனிப் பதிவு. நம்ம எஸ்க்யூஎல் ஆளுங்களுக்குப் பார்த்ததும் புரிஞ்சிடும்.

ஆனா கிளாஷ் டிடெக்ஷன் பொதுவா கேக்கறது ஒரே கேள்வி: ரெண்டு பொருள் ஒரே இடத்துல இருக்கா? அது கடைசி நிலையைப் பற்றிய கேள்வி. எது முதலில், எது பிறகு என்பது அதில் வராது. கோட் எல்லாம் சரியா இருந்தும் டிப்ளாய் பண்ற வரிசை மாறி சர்வர் படுத்துக்குமே, அதே கதைதான்.

வேடிக்கை என்னன்னா, ஒரு வேலைக்கு அடுத்து எந்த வேலை என்று பதியவும் ஐஎஃப்சியில் உறவு இருக்கு. ஆனா அதை நிரப்பத் தெரிந்தவர் பெரும்பாலும் சைட்ல ஏணி மேல நிக்கற ஃபிட்டர். மாடல் மீட்டிங்குக்கு அவரை யார் கூப்பிடறாங்க?

அதனால பட்டன்களை மனப்பாடம் பண்ணாதீங்க. இலவச ஐஎஃப்சி வியூவர்ல ஒரு மாதிரி ஃபைலைத் திறந்து, ஒரே ஒரு டக்ட்டைத் தேர்ந்தெடுங்க. அதை 150 மில்லிமீட்டர் கீழே இறக்கினா என்னென்ன மாறும்? சீலிங் உயரம், ஸ்ப்ரிங்ளர், லைட், பின்னாடி ரிப்பேருக்குக் கை நுழையற இடம், அளவுப் பட்டியல்... எல்லாத்தையும் பேப்பர்ல எழுதுங்க. பக்கத்துலயே, ஒவ்வொண்ணையும் யார்கிட்ட சொல்லணும்னும் எழுதுங்க. ரெண்டாவது பட்டியலுக்குத்தான் நேரம் அதிகம் எடுக்கும்.