பனிமலையில் மறைந்த கடற்படை விமானி

வானூர்தி செலுத்துவோர் உலகில் பலர் உளர். நடுக்கடலில் அசைந்து செல்லும் கப்பலின் மேற்றளத்தில் அதனை இறக்கக் கற்றவரோ மிகச் சிலர். அச்சிலருள் ஒருவரான ஜெஸ்ஸி பிரௌன் என்பாரைப் பற்றி மாணவச் செல்வங்களும் பெற்றோரும் அறிந்திருத்தல் நன்று.

அமெரிக்காவின் தென்பகுதியில் மிசிசிப்பி என்றொரு மாநிலம் உண்டு. அங்குள்ள ஹாட்டிஸ்பர்க் நகரில் 1926-ஆம் ஆண்டு அக்டோபர் 13-ஆம் நாள் ஜெஸ்ஸி பிறந்தார். உடன்பிறந்தாரோடு சேர்த்து வீட்டில் பிள்ளைகள் அறுவர். தாயார் ஆசிரியை. தந்தையார் பிறர் நிலத்தில் வாரத்திற்குப் பயிரிட்டவர். வாரம் என்றால் என்ன? நிலம் முதலாளியுடையது, உழைப்பு குடியானவனுடையது. விளைந்த பருத்தியிலும் சோளத்திலும் ஒரு பங்கு முதலாளிக்குப் போகும். எஞ்சியதில் பெரும்பகுதி விதைக்கும் உணவுக்கும் வாங்கிய கடனுக்குப் போகும். ஆண்டு முழுதும் உழைத்தும் கணக்குப் புத்தகத்தில் கடனே நிற்கும். தோட்டத்துக் கடையில் பற்று வைத்து வாழ்ந்த பெரியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை.

ஜெஸ்ஸிக்கு ஆறு வயதானபோது தந்தையார் அவரை வானூர்திக் காட்சி ஒன்றிற்கு அழைத்துச் சென்றார். அன்று முளைத்த ஆசை பின்னர் அடங்கவே இல்லை. ஆனால் அக்காலத்தில் கறுப்பினத்தவர் அமெரிக்கப் படைகளில் விமானி ஆக இயலாது. செய்தித்தாள் போடும் சிறுவனாக இருந்த ஜெஸ்ஸி, அத்தாளின் வாயிலாகவே பெஸ்ஸி கோல்மன் முதலிய கறுப்பின விமானிகளைப் பற்றி அறிந்துகொண்டார். 1937-இல், சிறு வயதிலேயே, குடியரசுத் தலைவர் ரூசுவெல்ட்டுக்கே கடிதம் எழுதினார். எம்மவரை ஏன் விமானப் படையில் சேர்ப்பதில்லை என்பதே அக்கடிதத்தின் கருத்து. வெள்ளை மாளிகையிலிருந்து மறுமொழியும் வந்தது. அவர் கருத்தை மதிப்பதாக அதில் கண்டிருந்ததே தவிர, வழி எதுவும் திறக்கப்படவில்லை.

1944-இல் பள்ளியில் இரண்டாம் நிலை மாணவராகத் தேறிய ஜெஸ்ஸி, ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியல் பயிலச் சென்றார். பகலில் பாடம், பின்னர் நள்ளிரவு வரை இரயில் பெட்டிகளில் சரக்கு ஏற்றும் வேலை. இவ்வாறு படித்துக்கொண்டிருந்தபோதே கடற்படையின் விமானப் பயிற்சிக்கு விண்ணப்பித்தார். ஊக்கம் தந்தவர் சிலரே. தடுத்தவர்களும் ஏளனம் செய்தவர்களும் பலர். இருப்பினும் 1948 அக்டோபர் 21-இல் விமானிக்குரிய சிறகுச் சின்னத்தை அணிந்தார். கடற்படையின் அடிப்படை விமானப் பயிற்சியை முழுமையாக முடித்த முதல் கறுப்பினத்தவர் அவரே.

அப்பயிற்சிக் காலத்தில் ஓர் இரகசியமும் இருந்தது. பயிற்சி முடியும்வரை மணம் செய்தல் கூடாது என்பது விதி. ஜெஸ்ஸியோ 1947-இலேயே தம் ஊர்ப் பெண்ணாகிய டெய்சியைப் பென்சகோலா நகரில் மணந்துகொண்டார். வெளியே தெரிந்திருப்பின் அத்தனை ஆண்டு உழைப்பும் வீணாகியிருக்கும். 1948 டிசம்பரில் பமீலா என்னும் பெண்மகவு பிறந்தது.

கப்பலில் இறங்குவது எங்ஙனம் என்பதையும் சிறிது காண்போம். ஜெஸ்ஸி பணியாற்றிய 'லெய்ட்டி' கப்பலின் நீளம் ஏறத்தாழ 270 மீட்டர். வானத்திலிருந்து பார்ப்பவனுக்கு அது கடலில் மிதக்கும் ஒரு தீக்குச்சியே. தளத்தின் குறுக்கே எஃகு வடங்கள் கட்டப்பட்டிருக்கும். வானூர்தியின் வாலிலுள்ள கொக்கி அவற்றுள் ஒன்றைப் பற்றிக்கொண்டாக வேண்டும். ஜெஸ்ஸி செலுத்திய 'கோர்சேர்' ஊர்திக்கோ மூக்கு மிக நீளம். நேராக வந்தால் தளமே கண்ணுக்குத் தெரியாது. எனவே இடப்புறமாக வளைந்து வந்து, தளத்தின் ஓரத்தில் கைகளில் மட்டைகள் ஏந்தி நிற்கும் அதிகாரியின் சைகையை நம்பி இறங்க வேண்டும். இதனை நாள்தோறும் செய்வதே அவர் தொழில்.

1950-இல் கொரியப் போர் மூண்டது. லெய்ட்டி அங்கு விரைந்தது. வடகொரியாவின் சோசின் நீர்த்தேக்கப் பகுதியில் சீனப் படையால் சூழப்பட்ட அமெரிக்கத் தரைவீரர்களுக்குத் துணையாக விமானிகள் பறந்தனர். டிசம்பர் 3-ஆம் நாளிரவு ஜெஸ்ஸி மனைவிக்குக் கடிதம் எழுதினார். மறுநாள் ஆறு ஊர்திகள் புறப்பட்டன. தரையிலிருந்து வந்த குண்டு ஒன்று ஜெஸ்ஸியின் ஊர்தியைத் தாக்க, எண்ணெய் ஒழுகி இயந்திரம் நின்றது. பனி மூடிய மலைச்சரிவில் அவர் ஊர்தியை மோதி இறக்கினார். உயிர் இருந்தது, ஆனால் நசுங்கிய பகுதிக்குள் கால் சிக்கிக்கொண்டது. இயந்திரத்திலிருந்து புகை எழுந்தது.

மேலே வட்டமிட்ட தோழர்களுள் தாமஸ் ஹட்னர் என்பவர் வெள்ளையர். அவர் எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. தம் நல்ல ஊர்தியைச் சக்கரங்களை இறக்காமலேயே அதே சரிவில் வேண்டுமென்றே மோதி இறக்கினார். ஓடிச்சென்று வெறுங்கையால் பனியை அள்ளி இயந்திரத்தின்மேல் கொட்டினார். பின்னர் வார்டு என்னும் அதிகாரி ஹெலிகாப்டரில் கோடரியுடன் வந்தார். இருவரும் வெட்டினர், உலோகம் அசையவில்லை. குளிரோ உயிரை உறைவிக்கும் குளிர். டெய்சியிடம் தம் அன்பைச் சொல்லுமாறு கேட்டுக்கொண்ட ஜெஸ்ஸி, பின்னர் நினைவிழந்தார். இருள் கவிந்தது, இருளில் அந்த ஹெலிகாப்டர் பறக்க இயலாது. ஹட்னர் தோழரை விட்டுத் திரும்பினார். ஜெஸ்ஸிக்கு வயது 24. குழந்தை பமீலாவுக்கு இன்னும் இரண்டு வயது நிரம்பவில்லை.

1951 ஏப்ரல் 13-இல் ஹட்னருக்கு அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருது வழங்கப்பட்டபோது டெய்சி அங்கு இருந்தார். பின்னர் அவர் தம் ஊரில் ஆசிரியையானார். 1973 பிப்ரவரி 17-இல் பாஸ்டன் நகரில் ஜெஸ்ஸி பிரௌன் பெயரால் ஒரு போர்க்கப்பல் பணியில் சேர்க்கப்பட்டது. டெய்சியும் வளர்ந்த மகளும் வந்திருந்தனர், ஹட்னரும் வந்திருந்தார்.

2013-ஆம் ஆண்டு சூலையில், 88 வயதில், ஹட்னர் வடகொரியாவுக்குச் சென்றார். தோழரின் உடலைத் தேடிக் கொணர்வதே நோக்கம். ஆனால் பெருமழையால் மலைப்பகுதிக்குச் செல்லும் வழிகள் தடைப்பட்டன. அவர் வெறுங்கையோடு திரும்பினார். டெய்சி 2014-இலும் ஹட்னர் 2017-இலும் காலமாயினர்.