அஞ்சறைப் பெட்டி – 9: ஓம உப்பு போய் வந்த ஊர்கள்

போன வாரம், மிளகே கிருமியைச் சுமந்துகொண்டு அமெரிக்க சலாமிக்குள் புகுந்த கதை. மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளலாம். இந்த வாரம் கிராம்பு என்று சொல்லியிருந்தேன். கிராம்பு வாங்கத்தான் நாட்டு மருந்துக் கடைக்கும் போனேன்.

எனக்கு முன்னால் நின்ற பெரியவர் ஓம உப்பு, புதினா உப்பு, பச்சைக் கற்பூரம் மூன்றும் சம எடையில் கேட்டார். கடைக்காரர் தனித்தனியாக மடித்தார். “எல்லாத்தையும் ஒண்ணாவே கட்டுப்பா. வீட்ல போய் கலக்கத்தானே போறேன்.” “ஒண்ணாக் கட்டினா வீடு போய்ச் சேர்றப்போ வெறும் காகிதம்தான் ஐயா இருக்கும்.”

அதோடு கிராம்பு எனக்கு மறந்துபோனது. ஓம உப்பு தனியாக உருகச் சுமார் 50 டிகிரி செல்சியஸ் வேண்டும். புதினா உப்புக்கு நாற்பதுக்குச் சற்று மேல். கற்பூரத்துக்கு 170-ஐத் தாண்ட வேண்டும். ஆனால் மூன்றையும் ஒரே சீசாவில் போட்டுக் குலுக்கினால் தீயும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், எண்ணெய்போல் இளகிவிடும். ஒன்று இன்னொன்றின் படிகக் கட்டைக் குலைப்பதால், கலவையின் உருகுநிலை அறை வெப்பத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் மேலே தடவுகிற தைலம் இதுதான். தடவ மட்டும், குடிக்கிற சமாச்சாரம் இல்லை.

ஓம உப்பில் உப்பே கிடையாது. அது தைமால். ஐரோப்பாவில் தைம் செடியிலிருந்து 1719-இல் காஸ்பர் நாய்மன் பிரித்தெடுத்த அதே பொருள். ஓம எண்ணெயில் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதுதான். கொழுப்பில் கரையும், தண்ணீரில் கரைய முரண்டு பிடிக்கும். அந்தக் குணம்தான் ஆயுதம். பாக்டீரியாவின் உறை கொழுப்பாலானது. தைமால் அதற்குள் நுழைந்து ஓட்டை போடுகிறது. உள்ளே இருக்கும் பொட்டாசியம் கசிகிறது, செல் ஓய்ந்துபோகிறது. வெளியே இரண்டாவது உறையும் போர்த்திக்கொண்ட பாக்டீரியாக்கள் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். தொட்டியில் வளரும் ஓமவல்லிக்கும் ஓமத்துக்கும் உறவே இல்லை. அது துளசிக் குடும்பம், இது கொத்தமல்லிக் குடும்பம். ஆனாலும் அதன் இலையைக் கசக்கினால் ஓம வாசனை வருகிறதே, அங்கேயும் இதே தைமாலும் அதன் உடன்பிறப்பான கார்வக்ராலும்தான்.

முதல் உலகப் போருக்கு முன் இந்திய ஓமம் கப்பலேறி ஜெர்மனிக்குப் போனது; அங்கே வடித்துத் தைமாலாக்கி உலகுக்கு விற்றார்கள். 1914-இல் அந்த வழி அடைபட்டது. அதற்குச் சற்று முன்புதான் அமெரிக்கத் தென் மாநிலங்களில் தைமாலுக்குப் பெரிய வேலை கிடைத்திருந்தது. பெரும் செல்வந்தர் ராக்ஃபெல்லர் பத்து லட்சம் டாலர் கொடுத்து 1909-இல் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம். வெளிறிய முகமும் ஓயாத அசதியுமாக இருந்த ஏழைகளைச் சோம்பேறிகள் என்று ஊர் ஏசிக்கொண்டிருந்தது. குடலில் உட்கார்ந்து ரத்தம் குடித்த புழுவை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. மருந்து: தைமால் மாத்திரை, முன்னும் பின்னும் பேதி உப்பு. அன்று எண்ணெய், வெண்ணெய், சாராயம் எதுவும் வாயில் படக்கூடாது. அவற்றில் தைமால் கரைந்து ரத்தத்தில் ஏறிவிட்டால் புழுவுக்கு வைத்த நஞ்சு ஆளைத் தாக்கும்.

நம் ஆவணக் காப்பகங்களிலும் தைமாலுக்கு நெடுநாள் உத்தியோகம். பூஞ்சை பிடித்த பழைய காகிதங்களை ஒரு மரப்பெட்டிக்குள் தட்டில் விரித்து, கீழே கிண்ணத்தில் தைமாலை வைத்து, அதனடியில் ஒரு குண்டு பல்பை எரியவிடுவார்கள். பல்பின் சூட்டில் எழும் ஆவி பூஞ்சையைக் கொல்லும்.

அப்படியானால் ஓமப்பொடி தின்றால் வயிற்றுக் கிருமி சாகுமா? சாகாது. அதில் இருக்கிற தைமால் துளியூண்டு, மாவிலும் எண்ணெயிலும் கலந்து கிடக்கிறது. திறந்த பாத்திரத்தில் ஓமத்தைத் தளதளவென்று கொதிக்கவைத்துக் குடிப்பவர்களும் கவனிக்க வேண்டும். சமையலறை கமகமவென்று மணக்கிறது என்றால், சரக்கு பாத்திரத்தைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருக்கிறது. கிளம்பும் ஆவியைப் பிடித்துக் குளிரவைத்தால் அது ஓமத் திராவகம். மூடி போட்ட பாத்திரம் அந்த வேலையில் பாதியாவது செய்யும்.

கிராம்பு எங்கே என்று ஆசிரியர் இரண்டாம் முறையாகக் கூப்பிட்டுவிட்டார். அடுத்த வாரம் நிச்சயம்: பல் மருத்துவர் கிராம்பு எண்ணெயைத் துத்தநாக ஆக்சைடு பொடியில் குழைத்தால் அது ஏன் கல்லாக இறுகுகிறது என்பதிலிருந்து.