படிப்படியாக டயாலிசிஸ்

சத்தியவேட்டிலிருந்து திருப்பதிக்கோ சென்னைக்கோ சென்று டயாலிசிஸ் செய்துகொள்ள நேர்பவருக்குச் சிகிச்சை நேரம் மட்டுமே ஏறத்தாழ நான்கு மணி. பயணத்தையும் சேர்த்தால் ஒரு நாள் வருமானம் போய்விடும். வாரம் மும்முறை என்பதே வழக்கமான அளவு.

ஆயினும், செயலிழக்கும் சிறுநீரகம் பெரும்பாலும் ஒரேயடியாக ஓய்ந்துவிடுவதில்லை. நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் சிறுநீர் கழிக்கும் சிலருக்கு வாரம் இருமுறை தொடங்கி, எஞ்சிய ஆற்றல் குறையக் குறையச் சிகிச்சையைக் கூட்டும் முறையும் உண்டு. 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்துச் சோதித்த பின், மருத்துவரே இதனை முடிவு செய்வார். அச்சோதனையை அவ்வப்போது மீண்டும் செய்துகொள்ளுதல் இன்றியமையாதது.

செலவுக்கு அஞ்சி நாமாகவே ஒரு முறையைத் தவிர்ப்பது முற்றிலும் வேறு. உடலில் தேங்கும் நீரும் பொட்டாசியமும் உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும்.

2016இல் அறிவிக்கப்பட்ட பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டத்தின்கீழ், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோர் மாவட்ட மருத்துவமனைகளில் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். எனினும் பயணச் செலவும் வருமான இழப்பும் குடும்பத்தையே சாரும். எனவே இருமுறையில் தொடங்கினாலும், மூன்றாம் முறைக்கும் சேர்த்தே நம் சேமிப்பைத் திட்டமிடுவோம்.